பக்கம் இருநூற்றுப் பதினான்கு

டிக், டிக், ஓர் இழுவை, மறுபடி டிக். நல்ல சத்தம் இல்லை, ஆனால் சாகிற சத்தமும் இல்லை. சாகிற வட்டு, கணினிக்காரர்கள் ஹார்டு டிஸ்க் என்பது, ஒரே சீராக அடித்துக்கொள்ளும், அதைக் கேட்ட மாத்திரத்தில் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கைகழுவப் போய்விடலாம். இது அப்படி இல்லை. ஓர் இடத்தில் சிக்குகிறது, நாலு தடவை முட்டிப் பார்க்கிறது, முடியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறது, அப்படிப் போகச் சொல்லியிருப்பது நான்தான். எழுபத்தொரு சதவீதம் என்கிறது கணினி, மூக்கடைத்த அதன் இயந்திரத் தமிழில். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது, இப்போது பன்னிரண்டே கால், கல்லூரி மணி அடித்து இரண்டு நிமிஷம் ஆயிற்று, சரியாகத்தான் போகிறது. எனக்குக் கண் தெரியாது, பிறந்ததிலிருந்தே, அதனால் வட்டு விஷயத்தில் மற்றவர்களைவிட எனக்கு வசதி அதிகம். கண் உள்ளவர்கள் திரையில் ஓடுகிற கோட்டைப் பார்த்தே ஏமாந்துபோவார்கள். நான் வட்டின் முதுகில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சூடு இருக்கிறது, பயப்படுகிற சூடு இல்லை. உள்ளே இருநூறு மணி நேரம் இருக்கிறது, வரலாறு, முதுகலை ஆசிரியர் தேர்வுக்கான பாடத்தில் பெரும்பகுதியும், ஒரே ஒரு மனுஷியின் குரலில். தேர்வுக்கு இன்னும் பதினோரு நாள். இந்த வட்டைத் தவிர அது வேறு எங்கும் இல்லை. வரும், வராமல் எங்கே போகும். நான், கோமதி, கை வைத்தும் வராத வட்டு இந்தப் பாளையங்கோட்டையில் இதுவரை இரண்டுதான், அதில் ஒன்று கிணற்றில் விழுந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், எனக்குச் சறுக்கியது ஆயுத பூஜையில். இந்த அறை கல்லூரி நூலகத்தின் ஒலிப்பிரிவு, பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடம் பதிந்து கொடுக்கிற இடம், நான் இங்கே தற்காலிக ஊழியர், ஐந்து வருஷமாகத் தற்காலிகம். பூஜைக்கு முதல் நாள் உதவியாளர் வள்ளியம்மை அக்கா மேசைமேல் இருந்த எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினாள், கணினி, மைக், பஞ்சிங் மிஷின், என் வெள்ளைக் கம்பு, கூடவே என் வட்டு. வைத்ததைத் தசமி கழியாமல் தொடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். நானும் சரியென்று பொரியும் சுண்டலும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பொட்டு வைப்பாள் என்று தெரியும், எங்கே வைப்பாள் என்று கேட்கத்தான் தோன்றவில்லை. லீவு முடிந்து வந்து ஒயரைச் செருகினால் பிடிக்கிறது, விடுகிறது, பிடிக்கிறது, விடுகிறது. முதல் தடவையே நிறுத்தியிருக்க வேண்டும், இன்னொருத்தர் வட்டாக இருந்தால் நிறுத்தியிருப்பேன், என்னுடையது என்பதால் ஆறு தடவை செருகினேன், ஆறாவது தடவை உள்ளே படிக்கிற முள் தடுக்கி இந்த டிக் ஆரம்பித்தது. அப்புறம்தான் மூக்குக்கு எட்டியது. சந்தனம். விரலால் தடவினால் ஒயர் செருகுகிற வாய்க்குள் காய்ந்து கெட்டியாக இருக்கிறது, மேலே குங்குமப் பொடி, நடுவில் ஒரு பொரி உமி வேறு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. பல் குத்தும் குச்சியும் ஸ்பிரிட்டுமாக ஒரு மணி நேரம் சுரண்டி எடுத்தேன். "நெத்தி எதுன்னு தெரியலம்மா, நாலு பக்கமும் கறுப்பா ஒண்ணுபோலயே இருந்துது. அந்தப் பக்கந்தான் வாய் மாதிரி தெரிஞ்சுது, அதுக்கு மேல வச்சேன், வழிஞ்சிட்டு போல" என்றாள் வள்ளியம்மை அக்கா. "அதுக்கு மட்டும் வைக்காம விட்டா கோவிச்சுக்கும்லா." இப்போது மட்டும் என்னவாம், கோபித்துக்கொண்டுதானே கிடக்கிறது. ஆனால் அவளைத் திட்ட வாய் வரவில்லை, என் கம்புக்கும் வைத்தவள்தானே.

எழுபத்தாறு. இந்த வேலையில் அவசரக்காரன்தான் தோற்பான். மீன் தின்கிற மாதிரி, முதலில் முள் இல்லாத சதையை எல்லாம் எடுத்துவிட வேண்டும், முள் இருக்கிற இடத்தில் மல்லுக்கு நிற்கக் கூடாது, தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டுக் கடைசியில் பொறுமையாக வரலாம். அதனால்தான் முதல் சுற்றில் சிக்குகிற இடத்தைத் தாண்டிவிடச் சொல்லியிருக்கிறேன். வாத்தியார்கள் வட்டோடு வந்து என் முன்னால் அழுதிருக்கிறார்கள், கோமதி, பிஎச்டி எல்லாம் இதில்தான் இருக்கிறது என்று, நான் முதலில் கேட்கிற கேள்வி இன்னொரு காப்பி எங்கே சார் என்பதுதான், அவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள், விழிப்பது எனக்குக் கேட்கும், மூச்சு நின்று வரும். ஊருக்குத்தான் உபதேசம். என் வட்டுக்குக் காப்பி எங்கே? மூன்று தடவை காப்பி எடுக்க உட்கார்ந்தேன், பொய் இல்லை, புது வட்டுகூட வாங்கி வைத்தேன், இப்போது எல்லாம் வந்து விழுவது அதில்தான். மூன்று தடவையும் பாதியில் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் நவீன இந்தியா என்ற கோப்புறையில் நாற்பத்தேழாவது கோப்பு வரும்போது கை நின்றுவிடும். அதையும் எடுப்பதா, விடுவதா. எடுத்தால் அது இரண்டாகிவிடும், ஒன்றே போதாதா. விட்டால், பாதிப் பாடத்தை விட்ட மாதிரி. அழிக்கவும் மனசு வரவில்லை, நமக்கு எதிரான சாட்சியை யாராவது பத்திரமாக வைப்பார்களா, நான் வைத்திருக்கிறேன். சரி, அது கிடக்கட்டும். எண்பது. அந்தப் பக்கம் இப்போது போக வேண்டாம்.

வட்டில் இருக்கிற குரல் பியூலா அக்காவுடையது, நன்றாக வாசிப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, கோபத்திலும் சொல்வேன். சமாதானபுரத்தில் வீடு, வாரத்தில் நாலு நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு ராத்திரிச் சமையலுக்குக் குக்கரை ஏற்றிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருவாள், முக்கால் மணி நேரம் வாசிப்பாள், என் ரெக்கார்டர்தான். மாலை அவள் வீட்டுக்காரர், எனக்கு அண்ணாச்சி, டூட்டிக்குப் போகிற வழியில் ரெக்கார்டரை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார், நான் ராத்திரி கேட்டுவிட்டு வட்டில் ஏற்றிக்கொள்வேன், காலையில் திரும்பும்போது வாங்கிக்கொண்டு போவார். ஒன்றரை வருஷம் ஒரு நாள் தவறியதில்லை. பக்க எண் சொல்லித்தான் ஆரம்பிப்பாள். ஆண்டுகளை இரண்டு தடவை சொல்வாள். படம் வந்தால் தாண்டிப் போகாமல், "படம் ஒண்ணு இருக்கு கோமதி, ஒரு ஆளு தலப்பாகை கட்டி நிக்கான், மொகத்துல ஒரு சொகம் இல்ல" என்பாள். பின்னால் குக்கர் விசில், காற்றாடி, எங்கோ மீன்காரன், எந்தப் பாடத்துக்கு எந்த விசில் என்றுகூட எனக்குத் தெரியும், பிளாசிப் போருக்கு மூன்று விசில். இயந்திரம் வாசிக்கிற தமிழில் ஒரு பாடமும் மண்டையில் நிற்காது, அதுவும் அந்தப் பழைய புத்தகத்தைக் கணினிக்குக் காட்டினால் பாதி எழுத்தைக் கடித்துத் துப்பிவிடும். அதனால்தான் இந்த வட்டு. போன தேர்வில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் போயிற்று. ரயத்துவாரி முறை முதலில் எந்தப் பகுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டது என்று ஒரு கேள்வி, எனக்காக எழுத வந்தவரிடம் நான் தஞ்சாவூர் என்று எழுதச் சொன்னேன், விடை பாராமகால். அந்த ஒரு கேள்விக்கு என் இருநூறு மணி நேரத்தில் எங்கும் விடை இல்லை, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். கேட்டதை நான் மறக்கிற ஆள் இல்லை. ஒரு குரலை மூன்று வார்த்தை கேட்டால் ஆளை எடைபோட்டுவிடுவேன், இதுவரை தப்பியதில்லை. பியூலா அக்காவிடம் தப்பியது, ஒன்றரை வருஷம் நல்ல குரல் என்று நம்பினேனே. இல்லை, அதுவும் தப்பவில்லை, கடைசியில் பிடித்துவிட்டேனே. வாசிக்க நான் எடுத்துக் கொடுத்த நூலகத்துப் புத்தகத்தை இன்று வரை திருப்பிக்கூடத் தரவில்லை, தொலைந்துவிட்டது என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன், இதிலேயே தெரியவில்லையா.

எண்பத்தொன்பது. வள்ளியம்மை அக்கா வருகிறாள், செருப்பின் வலது வார் தளர்ந்திருக்கிறது, ஒரு மாதமாகச் சொல்கிறேன் தைக்கச் சொல்லி. "என்னம்மா, பேசுதா?" என்று கேட்டுக்கொண்டே டீயை மேசையில் வைக்கிறாள், வலப்பக்கம், என் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி, இதெல்லாம் சரியாகச் செய்வாள். "முனங்குதுக்கா, இன்னும் பேசல" என்றேன். "சாயங்காலம் பிள்ளையாருக்கு ஒரு தேங்கா விடுதேன்." "தேங்கா விடுங்க, ஆனா தண்ணிய இதுல தெளிச்சிராதீங்க." சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வராமப் போச்சுன்னா வாசிச்ச அந்தம்மாகிட்டயே திரும்பக் கேக்கலாம்லா, இங்கிட்டு சமாதானபுரம்தான" என்றாள். இவளுக்கு எப்படித் தெரியும், எப்போதோ நான்தான் சொல்லியிருப்பேன். "அதுக்கு நான் பரீட்சை எழுதாமலே இருந்துருவேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. அவள் தம்ளரை இன்னும் ஒரு விரற்கடை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். தொண்ணூற்று மூன்று. அப்போது வட்டு நின்றது. டிக் இல்லை, இழுவை இல்லை, விரலுக்கடியில் ஒன்றுமே இல்லை. டீத்தம்ளர் கையில் இருக்கிறது, கீழே வைக்கவும் தோன்றவில்லை. பதினோரு நாள். இருநூறு மணி நேரம் போனால் என்னிடம் என்ன இருக்கிறது, ஞாபகம் இருக்கிறது, ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஒரு மதிப்பெண்ணில் தோற்றவள்தானே நான். நான் பயப்படுகிறேன், அதை எனக்குள்ளாவது சொல்லிக்கொள்கிறேன், பயமாக இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஏழு எண்ணுவதற்குள் ஒரு சிணுக்கம், வட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. மூச்சு வாங்கத்தான் நின்றிருக்கிறது, கழுதை. தொண்ணூற்று நாலு.

அந்தப் பயம் வந்த சூட்டில் நாற்பத்தேழாவது கோப்பின் ஞாபகமும் வந்துவிட்டது, இனி ஒதுக்கிப் பயனில்லை. முள்ளுக்கு வந்துதானே ஆக வேண்டும். அன்றைக்கும் வழக்கம்போல ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரயத்துவாரி ஆரம்பம், பக்கம் இருநூற்றுப் பதிமூன்று முடிகிறது, அப்போது கதவு திறக்கிற சத்தம், இன்னொரு பெண் குரல், அவள் மதினி. "யாருக்கு மதினி இப்படித் தொண்ட வத்த வாசிக்கிய?" பியூலா அக்கா ரெக்கார்டரை நிறுத்தாமலே சொல்கிறாள், அதே குரல், ஆண்டுகளை எனக்காக இரண்டு தடவை சொல்கிற அதே குரல்: "பாவம், கண்ணு தெரியாத பிள்ளை. படிச்சு என்னத்த ஆவப்போவுது. முடியாதுன்னு சொன்னா மனசு சங்கடப்படும்லா, அதான் வாசிச்சுக் குடுக்கேன்." அந்த இடத்தில் நிறுத்தினேன். என்னை முகத்துக்கு நேரே குருடி என்றவர்கள் உண்டு, பஸ்ஸில் கையில் எட்டணா வைத்தவர்கள் உண்டு, அதற்கெல்லாம் பதில் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். இது அப்படி இல்லை. நான் அவளைத் தோழி என்று நினைத்திருந்தேன், அவள் எனக்குத் தருமம் போட்டுக்கொண்டிருந்தாள். விடியவிடிய அழுதேன். காலையில் அண்ணாச்சி வந்து ரெக்கார்டரைக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. "இனி வேண்டாம்னு சொல்லிருங்க அண்ணாச்சி" என்றேன். "சரிம்மா" என்றார், போய்விட்டார். ஏன் வேண்டாம் என்று அவள் ஒரு போன் பண்ணிக் கேட்டாளா? மூன்று வருஷமாயிற்று, கேட்கவில்லை. விட்டது தொல்லை என்று இருந்திருப்பாள். இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்.

நூறு சதவீதம் என்கிறது கணினி. மூன்றேகால். இரண்டாம் சுற்றில் ஒதுக்கிய இடங்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியதில் முந்நூற்றுச் சொச்சம் கோப்பும் வந்துவிட்டது, ஒரே ஒரு கோப்பில் மட்டும் கொஞ்சம் ஓட்டை. எந்தக் கோப்பு என்று கேட்கிறேன். நவீன இந்தியா, நாற்பத்தேழு. சிரித்துவிட்டேன். சந்தனம் வைத்த சாமி சும்மா இல்லை, வேண்டாததைத் தேடிப்பிடித்துத் தின்றிருக்கிறது. இனி கை நிற்காது, காப்பி எடுக்கலாம். ஆனாலும் சோதிக்காமல் விடுவது என் வழக்கம் இல்லை. காப்பாற்றிய கோப்பை நான் எப்போதும் வாலில்தான் கேட்பேன், கடைசிப் பத்து விநாடி. தலை எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் இருக்கும், அரைகுறையாக வந்தது வாலில்தான் மாட்டிக்கொள்ளும். ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன், வால், வால், வால், எல்லாம் சுத்தம். நாற்பத்தாறு, சுத்தம். நாற்பத்தேழில் விரல் ஒரு கணம் நின்றது, இதன் வாலில் என்ன இருக்கும், மதினியோடு ஊர்க்கதைதான் இருக்கும், கேட்டுத் தொலைப்போம். தட்டினேன். பியூலா அக்காவின் குரல், கொஞ்சம் கம்மி, ஜலதோஷம் பிடித்த மாதிரி. "பக்கம் இருநூத்திப் பத்தொன்பது முடிஞ்சது. இன்னைக்கு இது போதும்."

இருநூற்றுப் பத்தொன்பதா? நான் கேட்டது பதிமூன்று வரைக்கும்தான். அந்த வாக்கியத்துக்கு அப்புறம் அவள் வாசித்தாளா? பின்னால் போனேன், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், வாசித்துக்கொண்டுதான் இருக்கிறாள், இன்னும் பின்னால், நடுவில் நாற்பது விநாடி ஒன்றுமே இல்லை, ஓட்டை அங்கேதான் இருந்தது, நான் நினைத்த இடத்தில் இல்லை, ஏதோ நிலவரி அட்டவணையைத் தின்றிருக்கிறது. இன்னும் பின்னால். பாவம், கண்ணு தெரியாத பிள்ளை. அது அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லாமல். இந்தத் தடவை நான் நிறுத்தவில்லை. மதினி ஏதோ சொல்லிவிட்டுப் போகிறாள், கதவு சாத்துகிறது, நாற்காலி இழுபடுகிறது, பிறகு நீளமாக ஒன்றுமில்லை, காற்றாடி மட்டும். பிறகு: "கோமதி. இது ஓடிக்கிட்டுலா இருந்திருக்கு." மூக்கை உறிஞ்சுகிறாள். "அழிக்க எனக்குத் தெரியும், எந்தப் பொத்தான்னு நீதான சொல்லித் தந்த. அழிக்கல. மதினி வாய அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன்னு சொல்லலாம், அதுவும் பொய்தான். ஆரம்பிக்கும்போது அப்படித்தான் நெனச்சேன். இப்ப அப்படி நெனைக்கல, வாய்தான் பழையபடிக்கே பேசிட்டு. எனக்கு வெக்கமா இருக்குட்டி. இதக் கேட்டுட்டு உனக்கு நான் வேண்டாம்னா, காலைல எங்க வீட்டு அவ்வோகிட்ட வேண்டாம்னு சொல்லிவிடு, நான் புரிஞ்சுக்கிடுவேன், போன் பண்ணி உன்னத் தொந்தரவு பண்ணமாட்டேன். வேணும்னா ரெக்கார்டரக் குடுத்துவிடு." குக்கர் ஒரு விசில் அடிக்கிறது, அவள் எழுந்து போகவில்லை. "சரி. பக்கம் இருநூத்திப் பதினாலு." வாசிக்கிறாள். குரல் ஆடுகிறது, ஆனால் வாசிக்கிறாள், இரண்டாவது பத்தியில், ரயத்துவாரி முறை முதன்முதலில் பாராமகால் பகுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டது, பாராமகால், இரண்டு தடவை சொல்கிறாள்.

வேண்டாம்னு சொல்லிருங்க அண்ணாச்சி. அவள் கேட்ட அதே வார்த்தையை, எழுத்துப் பிசகாமல் சொல்லியனுப்பியிருக்கிறேன். மூன்று வருஷம் போன் அடிக்காதது அவள் திமிர் இல்லை, எனக்குக் கொடுத்த வாக்கு. மூன்று வார்த்தையில் ஆளை எடைபோடுகிறவள், இருபது நிமிஷம் மிச்சம் இருக்கிற கோப்பைக் கேட்காமல் மூடி வைத்திருக்கிறேன். சாட்சி சாட்சி என்று பூட்டி வைத்த பெட்டிக்குள்தான் மன்னிப்பும் இருந்திருக்கிறது, கூடவே அந்த ஒரு மதிப்பெண்ணும். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகிறது, வெட்கமாக இருக்கிறது, அவள் சொன்ன அதே வெட்கம். சரி. வேலையை முடிப்போம். முதலில் எல்லாவற்றையும் அறைக் கணினியில் ஒரு காப்பி எடுத்தேன், நாற்பத்தேழையும் சேர்த்து, கை நிற்கவில்லை. பிறகு போனை எடுத்தேன், எண் மறந்திருக்குமோ என்று பார்த்தேன், விரலுக்கு மறக்கவில்லை. மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள்.

"அலோ."

"அக்கா, கோமதி."

காற்றாடி கேட்கிறது, அதே காற்றாடி, மூன்று சுற்றுக்கு ஒரு கிறீச்.

"நாப்பத்தேழ இன்னைக்குத்தான்க்கா முழுசாக் கேட்டேன். அன்னைக்குப் பாதியில நிப்பாட்டிட்டேன். நீங்க சொன்னது எதுவும் எனக்குத் தெரியாது. இன்னைக்குத்தான் கேட்டேன்."

மூச்சு நின்று வருகிறது, அங்கே. இங்கேயும்தான்.

"இருநூத்திப் பத்தொன்பதுல நிக்கி" என்றேன். "மிச்சம் வேணும்க்கா. பதினோரு நாள்தான் இருக்கு."

நாற்காலி இழுபட்டது. நடக்கிறாள். பீரோக் கதவு திறக்கிற சத்தம், அப்புறம் தாள் புரளுகிற சத்தம், நிறைய நேரம் புரளவில்லை, உடனே நின்றுவிட்டது.

"மடக்கி வச்ச எடம் அப்படியே இருக்கு" என்றாள் பியூலா அக்கா. மூக்கை உறிஞ்சினாள். "ரெக்கார்டருக்குச் சார்ஜ் போட்டு வையி. காலைல அவ்வோ வருவாக."